கேமரா சிவநேசன் வீட்டுக் குழாய்

"உண்மைய சொல்லுங்க ஆன்டி. உள்ள என்ன போட்டீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சிவநேசன் யார் வீட்டுக் குழாயிலும் கேமராவை விடுவதில்லை. கழிவுநீர் மேன்ஹோல் ஓரம் குந்தி உட்கார்ந்து, நீளக் கம்பியின் நுனியில் இருக்கும் கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்பார். கட்டைவிரல் பருமன் கேமரா. தலையைச் சுற்றிக் குட்டிக் குட்டி விளக்குகள். பெற்ற மகளுக்கு இவர் ஒருநாள்கூட இத்தனை பதவிசாக மூக்குத் துடைத்துவிட்டதில்லை என்று அவர் மனைவி புஷ்பவல்லி சொல்லுவார். அதில் மிகை ஒன்றும் இல்லை.

அன்று கேள்விக்கு ஆளானவர் பிரிக்ஃபீல்ட்ஸ் மீனலோசனி ஆன்டி. அவர் கணவர் சிவகுருநாதன் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த வீட்டில் உரக்கத் தும்மினால்கூட ஒழுங்கீனம். அப்பேர்ப்பட்ட வீட்டில் கழிவறை நிரம்பி வழிகிறது. வந்த நாற்றத்தை ஒரு கடைநிலைச் சிப்பந்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார் சிவகுருநாதன்.

"நாங்கள் ஒண்டும் போடேல்லை. இங்க இருக்கிறது ரெண்டே பேர். ரெண்டு பேரால எப்பிடி ஒரு லைன் அடைபடும்?"

சிவநேசன், கேமரா பார்ப்பதைக் காட்டும் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். அதுதான் அவருடைய பதில். கம்பி உள்ளே போகப் போக, திரையில் பழைய மண் குழாய் வட்டமாக நீண்டது. கொஞ்ச தூரத்தில் வழியை அடைத்துக்கொண்டு மஞ்சளும் சிவப்புமாக ஒரு சுவர். செவ்வந்தி, துளசி, வதங்கிய தாமரை, மாலை கட்டிய நைலான் நூல் பந்து பந்தாக.

"என்ன ஆன்டி இது, பைப்பா கர்ப்பக்கிரகமா?"

மீனலோசனி ஆன்டி தயங்கவே இல்லை. "சாமிப் பூவைக் குப்பையில போடலாமோ தம்பி? ஓடுற தண்ணியில எல்லோ விட வேணும். அதுதான் மூடியைக் கிளப்பி விட்டனான்."

நியாயம்தானே! ஆற்றங்கரைக்கு நடக்க முழங்காலில் தெம்பு இல்லை. பின்வாசலில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற தண்ணீர் என்றுதான் சாஸ்திரம் சொல்லியிருக்கிறதே தவிர, எங்கிருந்து ஓடி வருகிறது என்று எந்தச் சாஸ்திரமும் விசாரிக்கவில்லை. சிவகுருநாதன் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு பேப்பர் படிக்க உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரர்கள் பொய் சொல்வதில் ஒரு வரிசை உண்டு என்பது சிவநேசனின் ஆராய்ச்சி முடிவு. முதலில், நாங்க ஒண்ணுமே போடல. திரையில் ஏதாவது தென்பட்டதும், முன்ன குடியிருந்தவங்க போட்டிருப்பாங்க. இன்னும் கொஞ்சம் நெருக்கினால், பக்கத்து வீட்டுலேர்ந்து வந்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் போகும்போது, வேலைக்கு வந்தவங்க பண்ணினது. பங்சார் பங்களாவானாலும் காப்பார் கம்பத்துக் கிராம வீடானாலும் இந்த வரிசை மாறியதே இல்லையாம். "வாயி ஆயிரம் சொல்லும் பாஸ். பைப்பு ஒண்ணுதான் சொல்லும்," என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார், யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்று பார்ப்பதுபோல. இதுவரை ஒருவரும் குறித்துக்கொண்டதில்லை.

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் அவருக்கு வீடு. வாசலில் ஒரு வெள்ளை வேன். அதற்குள் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட் இயந்திரம், வேர் வெட்டும் கத்திகள், குழாய்த் துண்டுகள். தொழிலில் ஒரு கூட்டாளி உண்டு. இம்ரான், ராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர், நாற்பதைத் தாண்டியவர். வேலைப் பங்கீடு தெளிவானது. சிவநேசன் பேசுவார், இம்ரான் வேலை செய்வார். பள்ளம் தோண்டுவது, உடைந்த மண் குழாயை அறுத்து எடுப்பது, புதுக் குழாயைப் பொருத்தி வாட்டம் பார்ப்பது எல்லாம் இம்ரான். அந்த நேரத்தில் சிவநேசன் வீட்டுக்காரருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மலேசியாவில் மனிதர்கள் ஏன் உருப்பட மாட்டேன் என்கிறார்கள் என்பதைக் குழாய் வழியாக விளக்கிக்கொண்டிருப்பார்.

"கேமரா போடாம ஜெட் அடிக்கிறவன், கண்ண மூடிக்கிட்டு லோரி ஓட்டுறவன். மொதல்ல பாக்கணும். அப்புறம் கழுவணும். ஒடஞ்சிருந்தா மாத்தணும். பாக்காம கை வச்சா தொழிலுக்கே துரோகம் லா."

இடது கையில் மட்டும் ஒரு மஞ்சள் ரப்பர் கையுறை போட்டிருப்பார். வேலை இடத்தில் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. வேலை செய்யாதவருக்கு எதற்குக் கையுறை என்று கேட்கக் கூடாது; அது அவருக்கு வக்கீலின் கறுப்பு அங்கி. அந்தக் கையால்தான் திரையைச் சுட்டுவார், அந்தக் கையால்தான் வீட்டுக்காரர் தோளில் தட்டி ஆறுதல் சொல்லுவார். ஆற்றிய தே தாரிக் டீ கொடுத்தால் வலது கையால் வாங்கி, மரியாதைக்கு இடது கையால் கோப்பையின் அடியைத் தாங்கிக்கொள்வார். அந்தக் கோப்பையை வீட்டு அம்மாள் அப்புறம் கழுவுவாரா, தூக்கி எறிவாரா என்பது அவர் கவலை இல்லை.

கல்யாண வீடுகளில் அவருக்கு இரண்டு பக்கத்து நாற்காலியும் காலியாகவே இருக்கும். தெரியாத்தனமாக யாராவது உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. சரியாகப் பாயசம் வரும் நேரமாகப் பார்த்துக் கைப்பேசியை எடுப்பார். "இத பாருங்க, ஷா ஆலாம்ல ஒரு வீடு. குளியலறைத் துண்டு, முழுசா! எப்பிடிப் போச்சுங்கறீங்க?" பாயசம் அப்படியே இருக்கும், ஆள் எழுந்து போயிருப்பார். தெருவில் பக்கத்து வீட்டு மலர்விழிக்கு நேர்ந்தது இதைவிட மோசம். மலர்விழி வீட்டு லைனில் கேமரா விட்ட அன்று, திரையைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். பூனைக்குப் போடும் மணலைக் கழிவறையில் கொட்டிய குற்றம். தாமான் குடியிருப்பு முழுக்க அன்றைக்கு அதே பேச்சு. மலர்விழி அதை மறக்கவில்லை. மறப்பதற்கு அவருக்கு வேறு வேலையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் எல்லா வீட்டிலும் சொல்லும் ஓர் உபதேசம் உண்டு. "மேன்ஹோல் மேல டைல்ஸ் ஒட்டாதீங்க. அடுப்படிய பின்னால இழுத்துக் கட்டுறேன்னு அத மூடிடாதீங்க. அது வீட்டுக்கு வாயி. வாயில பிளாஸ்திரி ஒட்டுனா எப்பிடி வாந்தி எடுக்கும்?"

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் வீட்டு மேன்ஹோல் எங்கே இருக்கிறது?

சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது. பின்பக்கம் அடுப்படியை இழுத்துக் கட்டிய வருஷம், வாஸ்து பார்க்க வந்தவர் வடகிழக்கு மூலையில்தான் சாமி இருக்க வேண்டும் என்று கையைக் காட்டினார். கை காட்டிய இடத்தில் மேன்ஹோல். சிவநேசன் ஈனசுரத்தில் ஏதோ சொல்லிப் பார்த்தார். "சாமிக்குக் கீழ பாதாள லோகம்தான் இருக்கும், பரவால்ல," என்று புஷ்பவல்லி முடித்துவிட்டார். மூடிக்கு மேல் சிமெண்டு, சிமெண்டுக்கு மேல் கருங்கல் மேடை, மேடைக்கு மேல் பிள்ளையார், முருகன், மாரியம்மன். ஊருக்குத்தான் உபதேசம்! யாராவது கேட்டால், "எங்க வீட்டு லைனா? கண்ணாடி மாதிரி லா," என்பார் சிவநேசன். ஒருநாளும் கேமரா விட்டுப் பார்த்ததில்லை.

பார்க்காததற்கு மேடை மட்டும் காரணம் இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முன்பெல்லாம் சிவநேசன் வாயில் சிகரெட் இல்லாத நேரம் அவர் தூங்குகிற நேரம்தான். இருமி இருமி ஒருநாள் மூச்சுத் திணறி, கிள்ளான் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக் கிடந்தார். அடுத்தவர் குழாயைப் பார்த்தவர் தன் குழாயைக் கோட்டை விட்டார். அன்றைக்குக் கட்டிலோரம் நின்றுகொண்டு புஷ்பவல்லி அழுத அழுகையை இம்ரான் இன்றும் சொல்லுவார். அழுதுகொண்டே ஒரு வேண்டுதல் வைத்தார். "முருகா, இவரு இந்தக் கருமத்த விட்டுட்டா, எனக்கு உசிரு இருக்குற வரைக்கும் வருஷா வருஷம் ஒனக்குப் பால்குடம் எடுக்குறேன்."

முருகன் தன் பங்கைச் செய்தார். சிவநேசனும் செய்தார், அந்த வருஷத் தைப்பூசம் வரைக்கும். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தார். ஒன்றே ஒன்று எப்போதாவது தனியாக வாழ்ந்திருக்கிறதா?

இதற்குத் தொழில் கொடுத்த வசதி பெரிய வசதி. வேலை முடிந்து வருகிறவர் முன்வாசல் வழியாக வர முடியாது. புஷ்பவல்லி விட மாட்டார். பின் சந்து வழியாக நுழைந்து நேரே குளியலறை. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, சன்னல் கண்ணாடிச் சட்டங்களைத் திறந்துவிட்டு, நிம்மதியாக ஊதுவார். முடிந்ததும் சிகரெட் துண்டைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுவார். பிறகு ஒரு குளியல், வாயில் ஓர் ஏலக்காய். என்றைக்காவது புஷ்பவல்லி மூக்கைச் சுருக்கினால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "நாள் பூரா சாக்கடையில நிக்குறவன் மேல சந்தன வாசனையா வரும்?" அந்த அம்மாள் மனசு கஷ்டப்பட்டு, கூடக் கொஞ்சம் மஞ்சள் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுப்பார். ஊரில் எல்லோருக்கும் நாற்றத்தால் தொல்லை. சிவநேசன் ஒருவருக்குத்தான் நாற்றத்தால் லாபம்.

வேண்டுதலை மட்டும் புஷ்பவல்லி ஒரு வருஷமும் விடவில்லை. பள்ளிக்கூடக் கேன்டீனில் விடியுமுன் தொடங்கும் வேலை. நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலோடு விரதம் இருந்து, மஞ்சள் சேலை கட்டி, பத்துமலைப் படி அத்தனையும் பால்குடத்தோடு ஏறுவார். கேட்பவர்களிடமெல்லாம் காரணத்தையும் சொல்லுவார். "எங்க வீட்டுக்காரரு சிகரெட்ட தொடுறதில்ல. முருகன் போட்ட பிச்ச." சிவநேசனுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. அதனால் அடிவாரத்தில் செருப்புக்கும் கைப்பைக்கும் காவல். மனைவி தலை கூட்டத்தில் மறைந்ததும் கடைகளுக்குப் பின்னால் ஒதுங்கி ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வார். அவர் யாருக்காக மேலே ஏறுகிறாரோ, அந்த ஆள் கீழே புகைவிட்டுக்கொண்டிருப்பார். அடப்பாவி மனுஷா!

கல்நெஞ்சக்காரர் என்று சொல்லவும் முடியாது. இறங்கி வந்து, வியர்வையும் பூரிப்புமாக, பாலின் வாசனையோடு புஷ்பவல்லி நெற்றியில் விபூதி பூசிவிடும்போது சிவநேசன் அவர் கண்ணைப் பார்க்க மாட்டார். அடுத்த வருஷத்துக்குள் நிஜமாகவே விட்டுவிட வேண்டும் என்று அங்கேயே நின்று முடிவெடுப்பார். அந்த முடிவு கிள்ளான் வந்து சேரும்வரை உயிரோடு இருக்கும்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, புஷ்பவல்லி விரதத்தில் இருக்க, வீடெல்லாம் கழுவிக் கோலம் போட்டிருக்க, குளியலறைத் தரையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. வெறும் தண்ணீர் வரவில்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

"என்னங்க இது! விரத வீட்டுல இப்பிடியா? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"மழை லா. மழை பேஞ்சா இப்பிடித்தான்."

கிள்ளானில் நான்கு நாளாக மழை இல்லை. சிவநேசன் ஜெட் குழாயைக் கழிவறை வழியாகவே திணித்துக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். ஆமாம், கேமரா போடாமல்! கண்ணை மூடிக்கொண்டு லோரி ஓட்டுகிறவனைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர், தன் வீட்டில் அந்த லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் இறங்கியது. மறுநாள் காலை, போன தண்ணீர் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"கேமரா போடுங்க," என்றார் புஷ்பவல்லி.

"கேமரா ரிப்பேரு."

வேனில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த இம்ரான் தலையை நீட்டினார். "இல்லக்கா, நேத்துகூட காப்பார்ல போட்டோம். நல்லாத்தான் இருக்கு." சொல்லி முடித்த பிறகுதான் சிவநேசன் முகத்தைப் பார்த்தார். பார்த்து என்ன பயன்?

வேறு வழியில்லை, மேடையை எடுத்துத்தான் ஆக வேண்டும். கழிவறை வழியாக விட்டால் முதல் வளைவிலேயே கேமரா முட்டிக்கொண்டு நிற்கும். சரி, புஷ்பவல்லி கேன்டீனுக்குப் போன பிறகு இம்ரானை வைத்துக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார் சிவநேசன். "நீ போயிட்டு வா புஷ்பா. நாங்க பாத்துக்குறோம். நீ வர்றதுக்குள்ள சாமி அதே எடத்துல இருக்கும்." அக்கறை அவர் குரலில் சொட்டியது.

"சாமிய நீங்க தொடுறதா? அந்தக் கையாலயா?" புஷ்பவல்லி லீவு போட்டுவிட்டார்.

கோயில் திருப்பணி நடக்கும்போது சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைப்பார்களே, பாலாலயம் என்று, அதை அப்படியே வீட்டில் செய்தார். தலைக்குக் குளித்து, ராகு காலம் கழியக் காத்திருந்து, ஒவ்வொரு சாமியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு மாற்றினார். முருகனை மட்டும் கொஞ்ச நேரம் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். சிவநேசன் அடுப்படி வாசலில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இம்ரான் மேடையைப் பெயர்த்தார், சிமெண்டை உடைத்தார். உளியின் ஒவ்வோர் அடியும் சிவநேசனுக்கு மண்டையில் விழுந்தது.

மூடியைத் திறந்ததும் இம்ரான் காதோரம் வந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். வேனிலும் சில நேரம் புகைந்ததுண்டு.

"அண்ணே, கம்பி அறுந்துருச்சுன்னு சொல்லிரவா?"

"அறுத்துர்றியா?"

"அண்ணே, உங்க கேமராண்ணே அது."

சிவநேசனுக்கு அதற்கும் மனசு வரவில்லை. கேமராவை உள்ளே விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் முதுகைக் கூனி உட்கார்ந்தார். புஷ்பவல்லி அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன தெரியுது? என்ன தெரியுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இருட்டு," என்றார் சிவநேசன்.

உளிச் சத்தம் கேட்டாலே வரக்கூடியவர் மலர்விழி. பின் சந்து வழியாக, கையில் ஒரு பூனையோடு, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். "அண்ணே, டிவிய இப்பிடித் திருப்புங்க லா. எங்க வீட்டு லைன மட்டும் தெருவுக்கே படம் காட்டுனீங்க." அவர் அனுமதிக்கெல்லாம் காத்திருக்கவில்லை. எட்டித் திரையைத் திருப்பிவிட்டார்.

திரையில் மண் குழாய். இணைப்பு ஓரிடத்தில் வெடித்திருந்தது. பின்வாசல் கறிவேப்பிலை மரத்தின் வேர் அந்த வெடிப்பில் நுழைந்து, குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகச் சடை விரித்திருந்தது. ஓடுவதையெல்லாம் வடிகட்டி வைத்திருந்த அந்தச் சடையில், புட்டுக் குழாயில் தேங்காய்ப்பூ திணித்த மாதிரி, நெருக்க நெருக்கமாகப் பழுப்பு நிறத்தில் என்னவோ.

"என்னண்ணே அது? நெலக்கடலையா?" என்றார் மலர்விழி.

சிவநேசன் கழுத்துத் துண்டை எடுத்துத் திரை மேல் போட்டார். "கேமரா சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

புஷ்பவல்லி மெதுவாக வந்து துண்டை எடுத்தார். குனிந்து பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பஞ்சு நுனிகளை ஒரு காலத்தில் வாசலிலும் பூந்தொட்டியிலும் பெருக்கிப் பெருக்கிக் கை சலித்தவர் அவர்தான். தண்ணீரில் ஊறி உப்பிப்போய், பழையதும் புதியதுமாக, வருஷக்கணக்கில் சேர்ந்தவை. சிலதில் இன்னும் தங்கக்கோடு மங்கவில்லை.

நிமிர்ந்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"உண்மைய சொல்லுங்க. உள்ள என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணுமே போடல புஷ்பா."

வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்கவும் இல்லை. "முன்ன குடியிருந்தவங்க போட்டிருப்பாங்க."

"இந்த வீட்டுக்கு நாமதாங்க புதுசா வந்தோம். பால் காய்ச்சினது நானு."

"அப்ப... பக்கத்து வீட்டுலேர்ந்து வந்திருக்கும்."

"அலாமாக்!" என்று மலர்விழி பூனையைத் தூக்கிக் காட்டினார். "எங்க வீட்டுல யாரு ஊதுறா? இதுவா?"

சிவநேசன் சுற்றுமுற்றும் பார்த்தார். மிச்சம் இருந்தது இம்ரான் ஒருவர்தான். தொழுகை தவறாத மனிதர். சிகரெட்டை வாங்கித் தர வேண்டி வந்தால்கூடக் கடைக்கு உள்ளே போகாமல் காசை நீட்டி நிற்பவர். உளியும் கையுமாகப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இம்ரான் சில நேரம் நம்ம பாத்ரூமுக்கு..."

"அண்ணே," என்றார் இம்ரான். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். உளியை மட்டும் கீழே வைத்தார்.

தான் கண்டுபிடித்த வரிசையில், ஒரு படிகூட விடாமல், தானே இறங்கிக் கடைசிப் படிக்கு வந்து நிற்பது அப்போதுதான் சிவநேசனுக்கு உறைத்தது. நாளை எந்த வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, எந்த முகத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்பது?

"இல்ல. இம்ரான் இல்ல," என்றார்.

புஷ்பவல்லி கத்துவார் என்று மலர்விழி எதிர்பார்த்தார்; அதற்கு வசதியாகக் கதவோரம் சாய்ந்தும் கொண்டார். புஷ்பவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. திரும்பி உள்ளே போனார். சாப்பாட்டு மேசைப் பக்கம் ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. இம்ரான் எதற்கும் இருக்கட்டும் என்று வேர் வெட்டும் கத்தியை எடுத்து வேனுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்த புஷ்பவல்லியின் கையில் பால்குடம் இருந்தது. தைப்பூசத்துக்காகப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த பித்தளைக் குடம், கழுத்தில் மஞ்சள் துணி. ஏதாவது சொல்லுவார் என்று எல்லோரும் வாயைப் பார்த்தார்கள். அவர் திறந்து கிடந்த மேன்ஹோலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, குடத்தை அந்தப் பக்கம் இருந்த சிவநேசனிடம் நீட்டினார்.

சிவநேசன் குடத்தைப் பார்த்தார், தன் முட்டியைப் பார்த்தார், மனைவியின் காலில் சுருண்டிருந்த நரம்பைப் பார்த்தார். பிறகு முட்டியில் கையை ஊன்றி எழுந்து, இடது கையின் மஞ்சள் கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினார். உள்ளே ஊறி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்த கையைச் சட்டையில் துடைத்தார். ஒருமுறை போதாமல் மறுபடியும் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.